ஒரு கரண்டி சாயத்தண்ணி

(பதுளையில் பொதுமக்களுக்காக ஆற்றிய மருத்துவச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இன்றைய பேச்சை எனக்குக் கொடுத்தது ஒரு தம்பி. ஹாலிஎலப் பக்கம் ஒரு தோட்டம். அவருடைய அப்பாவுக்குப் போன வருடம் வலது பக்கம் விழுந்துவிட்டது, பேச்சும் போய்விட்டது. கிளினிக் வாசலில் என்னை நிறுத்தி, போனில் ஒரு வீடியோ காட்டினார். சக்கர நாற்காலியில் இருந்த ஒருவர் எழுந்து நடக்கிறார். கீழே "ஸ்டெம் செல் சிகிச்சை" என்று ஓடுகிறது. இந்திய நகரம் ஒன்றின் பெயரும், பல இலட்சத்தில் ஒரு தொகையும் இருந்தன. "டொக்டரம்மா, அப்பாவோட ஈ.பி.எஃப். காசு வந்திருக்கு. அம்மாவோட தோடும் சங்கிலியும் இருக்கு. கூட்டிக்கிட்டுப் போகவா?" என்று கேட்டார்.

"போக வேண்டாம் தம்பி" என்றேன். அவர் ஏன் என்று கேட்கவில்லை. முகம் வாடிப்போய், போனை மடியில் செருகிக்கொண்டு போய்விட்டார். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. ஒரு மகன் தன் அப்பாவுக்காகக் கேட்ட கேள்விக்கு மூன்று சொல்லில் பதில் சொல்லி அனுப்பியது தப்பு. அவர் கேட்காமல் விட்ட அந்த "ஏன்" என்பதைத்தான் இன்று உங்கள் முன்னால் விரித்து வைக்க வந்திருக்கிறேன். அவரும் இங்கே உட்கார்ந்திருக்கிறார்.

ஆஸ்பத்திரிப் பலகையில் பாரிசவாதம் என்று எழுதியிருக்கும். டொக்டர்மார் ஸ்ட்ரோக் என்பார்கள். லயத்தில் நாம் "கைகால் விழுந்துருச்சு", "ஒரு பக்கம் இழுத்துருச்சு" என்கிறோம். எல்லாம் ஒன்றுதான். ஆனால் நம்முடைய சொல் நம்மை ஓர் இடத்தில் தவறாகக் கொண்டுபோய் விடுகிறது. கைகால் விழுந்தது என்று சொல்லிச் சொல்லி, நோய் கையிலும் காலிலும் இருப்பதாக நம்பிவிடுகிறோம். உடனே எண்ணெய்ப் போத்தலை எடுத்துத் தேய்க்கிறோம். அந்தக் கையில் ஒரு கோளாறும் இல்லை. கைக்கு உத்தரவு போடுகிற மூளையின் பகுதிக்கு இரத்தம் போகவில்லை. ஒன்று, குழாயில் இரத்தக்கட்டி அடைத்திருக்கும். இதுதான் அதிகம். அல்லது குழாய் வெடித்து இரத்தம் கசிந்திருக்கும். இரண்டும் வெளியில் பார்க்க ஒரே மாதிரி இருக்கும். சீ.டி. ஸ்கேன் எடுக்காமல் எந்தக் கெட்டிக்கார வைத்தியராலும் உறுதியாகப் பிரித்துச் சொல்ல முடியாது. அதனால் வீட்டில் இருக்கிற அஸ்பிரினைக்கூடத் தானாகக் கொடுத்துவிடாதீர்கள்.

பெரிய குழாய் ஒன்று அடைத்துக்கொண்டால் ஒரு நிமிடத்துக்கு ஏறக்குறைய 19 இலட்சம் நரம்புச் செல்கள் சாகின்றன என்று ஜெஃப்ரி சேவர் என்ற அமெரிக்க நரம்பியல் வைத்தியர் 2006இல் கணக்குப் போட்டுச் சொன்னார். செல் என்றால் பள்ளிக்கூடத்தில் கலம் என்று படித்தோமே, அதுதான். மடுல்சீமையிலிருந்து பசறை வழியாகப் பதுளைக்கு இறங்கி வர எத்தனை நிமிடம் என்று உங்களுக்குத் தெரியும். பெருக்கிப் பாருங்கள். கட்டியைக் கரைக்கும் ஊசி நோய் வந்து நாலரை மணித்தியாலத்துக்குள் போட்டால்தான் பொதுவாகப் பயன். முதலில் மூன்று மணித்தியாலம் என்று 1995இல் அமெரிக்க ஆய்வு காட்டியது, 2008இல் ஐரோப்பிய ஆய்வு நாலரைக்கு நீட்டியது. இதைப் பற்றி நீங்கள் ஏற்கனவே கேள்விப்பட்டிருப்பீர்கள். நான் பேச வந்தது அதற்குப் பிறகு உடம்புக்குள் நடப்பதைப் பற்றி.

கொஸ்லாந்தை மீரியபெத்தையை இந்த ஊவா மாகாணத்தில் யாரும் மறக்கவில்லை. 2014 அக்டோபர் 29 அன்று அங்கே மண் சரிந்தது. மண் சரிந்த இடத்துக்கு யார் முதலில் ஓடுவார்கள்? பக்கத்து லயத்துச் சனம். கையில் கிடைத்த மண்வெட்டியோடு ஓடுவார்கள். அவர்கள் மனசில் ஒரு கெட்ட எண்ணமும் கிடையாது. ஆனால் மண் இன்னும் இளகிக் கிடக்கும்போது நூறு பேர் மேலே ஏறி நின்றால், அந்தப் பாரமும் கீழே புதைந்தவர் மேல்தான் இறங்கும். அதே நூறு பேர் இல்லாமல் நாளைக்கு அந்த மண்ணை அள்ளவும் முடியாது, மறுபடி வீடு கட்டவும் முடியாது.

மூளையில் அடிபட்ட இடத்துக்கு நம் உடம்பின் எதிர்ப்புச் செல்கள் ஓடிவருவது அப்படித்தான். முதலில் விழிப்பது மூளைக்குள்ளேயே குடியிருக்கும் காவல் செல்கள். மைக்ரோகிளியா என்று பெயர். ஸ்பெயின் நாட்டு விஞ்ஞானி பியோ டெல் ரியோ ஹோர்தேகா 1919இல் இவற்றைத் தனி இனமாகப் பிரித்துக் காட்டினார். சாகிற நரம்புச் செல் தன் உள்ளே இருப்பதையெல்லாம் வெளியே கொட்டுகிறது. அந்த வாசம் பட்டதும் இவை தங்கள் கிளைகளைச் சுருக்கிக்கொண்டு வேலைக்கு இறங்குகின்றன, இரசாயனச் செய்தி அனுப்பி வெளியாட்களையும் கூப்பிடுகின்றன. சில மணித்தியாலத்தில் இரத்தத்திலிருந்து நியூட்ரோஃபில் என்ற வெள்ளை அணுக்கள் வருகின்றன. இவை கிருமியைக் கொல்லப் பழகியவை. இங்கே கிருமி இல்லை. ஆனாலும் கையிலிருக்கும் அமிலங்களையும் நொதியங்களையும் கொட்டத்தான் செய்கின்றன. அதில் இரத்தக்குழாயின் சுவர் பழுதாகி, நீர் கசிந்து மூளை வீங்குகிறது. மூன்றாம், நான்காம் நாள் அளவில் வேறு வெள்ளை அணுக்கள் வந்து செத்ததைத் தின்று துப்புரவு செய்கின்றன. அதன் பிறகு டி செல்கள். அவற்றிலும் ஒரு பிரிவு, மற்றவர்களை அடக்கி அமைதிப்படுத்துகிற பிரிவு. அந்த அமைதிக்காரச் செல்களை எலியிடமிருந்து நீக்கிவிட்டால் மூளைச் சேதம் பெரிதாகிறது என்று ஜெர்மனியில் ஆர்தர் லீஸ் குழுவினர் 2009இல் காட்டினார்கள்.

அப்படியானால் ஓடிவரும் கூட்டத்தை வாசலிலேயே மறித்துவிட்டால் என்ன என்று ஒரு காலத்தில் நினைத்தார்கள். வெள்ளை அணுக்கள் குழாய்ச் சுவரில் ஒட்டாமல் தடுக்கும் ஒரு மருந்தைச் செய்தார்கள். விலங்குகளில் நல்ல பலன். 625 நோயாளிகளுக்கு முறைப்படி சோதித்து 2001இல் முடிவை வெளியிட்டார்கள். மருந்து பெற்றவர்கள் பெறாதவர்களைவிட மோசமான நிலைக்குப் போயிருந்தார்கள். காய்ச்சலும் அவர்களுக்குத்தான் அதிகம். உடம்பின் எதிர்ப்புச் சக்தியை அடக்குவதும் கிளப்புவதும் குழாய்த் தண்ணீரைத் திறந்து மூடுகிற மாதிரி அல்ல என்பதை இந்தத் துறை அன்று மிகக் கடுமையாகக் கற்றுக்கொண்டது.

இந்த இடத்தில்தான் ஸ்டெம் செல் வருகிறது. தமிழில் குருத்தணு என்கிறோம். எனக்கு மிகவும் பிடித்த சொல். ஆனால் தேயிலைச் சனமாகிய நமக்கு இந்தச் சொல்லில் ஒரு ஆபத்து இருக்கிறது. கவ்வாத்து வெட்டிய மலையை நாம் பார்த்திருக்கிறோம். குச்சியும் கட்டையுமாக நிற்கும். சில கிழமைகளில் கட்டையிலிருந்து குருத்து கிளம்பும், பிறகு பழையபடி கொழுந்து. குருத்தணு என்றதும் மூளையிலும் அப்படித் துளிர்க்கும் என்று மனசு தானாக நினைத்துக்கொள்கிறது. அந்த வீடியோக்காரர்களும் அப்படித்தான் சொல்கிறார்கள். செத்த இடத்தில் புதுச் செல் முளைக்குமாம்.

உண்மை வேறு. 2000ஆம் ஆண்டையொட்டி அமெரிக்காவில் டெட்ராய்ட் நகரத்தில் மைக்கேல் சொப் என்பவரின் ஆய்வுக்கூடத்தில், பாரிசவாதம் வரவைத்த எலிகளுக்கு எலும்பு மச்சையின் செல்களை இரத்த நாளத்தில் ஏற்றினார்கள். எலிகள் தேறின. எல்லோரும் மகிழ்ந்தார்கள். ஆனால் ஏற்றிய செல்கள் எங்கே போயின என்று தேடிப் பார்த்தபோது, நாளத்தில் ஏற்றும் செல்களில் பெரும்பகுதி முதல் சுற்றிலேயே நுரையீரலின் நுண்குழாய்களில் சிக்கிக்கொள்வது தெரிந்தது. மூளையை எட்டியவை வெகு சொற்பம். அதிலும் நரம்புச் செல்லாக மாறியவை இல்லையென்றே சொல்லலாம். வேலைக்கு வந்த ஆள் மலைக்குப் போகவே இல்லை, ஆனால் மலையில் வேலை நடந்திருக்கிறது. எப்படி?

அந்தச் செல்கள் இருந்த இடத்திலிருந்தே பேசியிருக்கின்றன. அவை சுரக்கும் பொருட்கள் இரத்தத்தில் கலந்து, ஓடிக்கொண்டிருக்கும் எதிர்ப்புச் செல்களின் வெறியைத் தணிக்கின்றன, அமைதிக்கார டி செல்களைப் பெருக்குகின்றன. ஆக, பாரிசவாதத்தில் ஸ்டெம் செல் ஏதாவது செய்கிறதென்றால் அது நாற்று நடுகிற வேலை இல்லை. கூட்டத்தை அமைதிப்படுத்துகிற வேலை. இந்த ஒரு விஷயத்தை நீங்கள் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் தானாகப் புரியும்.

ஸ்டெம் செல்கள் பேசிய இடங்களில் முக்கியமானது மண்ணீரல். நம் பாட்டன்மாருக்கு மண்ணீரல் நன்றாகத் தெரியும். மலேரியாக் காய்ச்சலில் வயிற்றின் இடது பக்கம் வீங்கிக் கல் மாதிரி நிற்கும், காய்ச்சல் கட்டி என்பார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி வயிற்றைத் தொட்டுப் பார்த்துத்தான் ஒரு ஊரில் எவ்வளவு மலேரியா இருக்கிறது என்று அன்றைய வைத்தியர்கள் கணக்கெடுத்தார்கள். 1934, 35ஆம் வருடத்துக் கொள்ளைக் காய்ச்சலில் இந்தத் தீவில் சுமார் 80,000 பேர் செத்தார்கள். 2016இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா இல்லாத நாடு என்று அறிவித்தது. அதோடு மண்ணீரலை நாம் மறந்துவிட்டோம். மூளையில் அடி விழும்போது அதே மண்ணீரல் சுருங்குகிறது. நரம்பு வழியாக வரும் கட்டளையில் தன்னிடம் சேமித்து வைத்திருக்கும் எதிர்ப்புச் செல்களை இரத்தத்துக்குள் கொட்டுகிறது. எலிகளில் முன்கூட்டியே மண்ணீரலை எடுத்துவிட்டுப் பாரிசவாதம் வரவைத்தால் மூளைச் சேதம் வெகுவாகக் குறைகிறது என்று அமெரிக்காவின் தென் புளோரிடாப் பல்கலைக்கழகத்தில் 2008இல் கண்டார்கள். ஸ்டெம் செல் ஏற்றிய எலிகளில் மண்ணீரல் அவ்வளவாகச் சுருங்கவில்லை.

எலியில் இவ்வளவும் நடந்தது. மனிதரில்?

2005இல் தென் கொரியாவில் 30 நோயாளிகளை எடுத்து, அவர்களில் 5 பேருக்கு அவரவர் எலும்பு மச்சைச் செல்களையே வளர்த்து ஏற்றினார்கள். ஆபத்து வரவில்லை, கொஞ்சம் முன்னேற்றம் போலவும் தெரிந்தது. ஐந்து பேரை வைத்து எதையும் நிச்சயிக்க முடியாது. அதனால் இந்தியா ஒரு நல்ல காரியம் செய்தது. டில்லி எய்ம்ஸ் ஆஸ்பத்திரியின் காமேஷ்வர் பிரசாத் தலைமையில் டில்லி, சண்டிகர், லக்னோ, பூனே நகரங்களின் ஐந்து பெரிய ஆஸ்பத்திரிகள் சேர்ந்து, அரசாங்கப் பணத்தில் 120 நோயாளிகளைச் சோதித்தன. சீட்டுக் குலுக்குவது போல் பாதிப் பேருக்கு ஸ்டெம் செல், பாதிப் பேருக்கு வழக்கமான வைத்தியம் மட்டும். ஏற்றிய செல்கள் ஆளுக்குச் சராசரி 28 கோடி. ஆறு மாதம் கழித்துப் புள்ளி போட்டார்கள். தானே சாப்பிடுவது, உடுத்துவது, கக்கூசுக்குப் போவது, நடப்பது எல்லாம் சேர்த்து 100 புள்ளி. ஸ்டெம் செல் பெற்றவர்களுக்குச் சராசரி 63.1. பெறாதவர்களுக்கு 63.6.

நான் இந்த இரண்டு எண்ணையும் அந்தத் தம்பியின் கையில் எழுதிக் கொடுக்க விரும்புகிறேன். 2014இல் வெளிவந்த முடிவு இது. பலன் இல்லை என்பதை மறைக்காமல் அச்சிட்டார்கள். அந்த 120 குடும்பங்களுக்கும் நாம் கடன்பட்டிருக்கிறோம். அவர்கள் ஒத்துக்கொண்டு வராதிருந்தால், இன்றைக்கு உங்கள் அம்மாவின் சங்கிலியைக் காப்பாற்ற என் கையில் ஒரு ஆதாரமும் இருந்திருக்காது.

அந்த ஆய்வில் செல் ஏற்றியது நோய் வந்து சுமார் 18 நாள் கழித்து. எதிர்ப்புச் செல்களின் கொந்தளிப்பு அதற்குள் அடங்கியிருக்கும். அப்படியானால் முன்கூட்டியே ஏற்றினால்? அதையும் பார்த்தார்கள். அமெரிக்காவிலும் பிரிட்டனிலும், நோய் வந்த ஒரு நாளிலிருந்து இரண்டு நாளுக்குள், கொடையாளர் ஒருவரின் எலும்பு மச்சையிலிருந்து வளர்த்த 120 கோடி செல்களை ஏற்றினார்கள். 126 பேரை வைத்துக் கணக்குப் பார்த்தார்கள். 2017இல் முடிவு வந்தது. இரத்தத்தைச் சோதித்தபோது டி செல்களும் அழற்சிப் பொருட்களும் குறைந்திருந்தன. எலியில் கண்டது மனித இரத்தத்திலும் நிழலாடியது. கையும் காலும் மட்டும் அதற்கேற்பத் தேறவில்லை. 36 மணித்தியாலத்துக்குள் பெற்றவர்கள் கொஞ்சம் நன்றாக இருந்தது போல் தெரிந்ததால், ஜப்பானில் 44 ஆஸ்பத்திரிகளில் 206 பேரை வைத்து, 18 முதல் 36 மணித்தியாலத்துக்குள் அதே செல்களைக் கொடுத்தும் கொடுக்காமலும் சோதித்தார்கள். 2024இல் முடிவு வெளியானது. மூன்று மாதத்தில் மிக நன்றாகத் தேறியவர்கள் செல் பெற்ற பக்கம் 100க்கு 11.5, பெறாத பக்கம் 9.8. வித்தியாசம் என்று சொல்ல முடியாத வித்தியாசம்.

இந்த ஆராய்ச்சி நடக்க வேண்டும் என்று நான் மனசார விரும்புகிறேன். நான் படித்ததும் பாடம் நடத்துவதும் இந்த எதிர்ப்புச் செல்களைப் பற்றித்தான். ஒரு நாள் சரியான நேரமும் சரியான நோயாளியும் சரியான செல்லும் கூடிவரலாம். ஆனால் அது கூடி வருவதற்கு முன்பே கடை விரித்துக் காசு வாங்குவது வேறு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017இல் வெளியிட்ட வழிகாட்டி தெளிவாகச் சொல்கிறது: சில இரத்த நோய்களுக்கு எலும்பு மச்சை மாற்றுவது போன்றவை தவிர, மற்ற ஸ்டெம் செல் வேலை எல்லாம் அனுமதி பெற்ற ஆராய்ச்சியாகத்தான் நடக்க வேண்டும், அதற்கு நோயாளியிடம் காசு வாங்கக் கூடாது. எனவே தம்பி, யாராவது உங்களிடம் தொகை சொன்னால் அந்த இடத்திலேயே விளங்கிக்கொள்ளலாம், அது ஆராய்ச்சி இல்லை. வீடியோவில் நடந்தவர் யார், அவருக்கு எப்போது நோய் வந்தது, செல் ஏற்றாமலே நடந்திருப்பாரா என்று யாருக்கும் தெரியாது. முதல் மாதங்களில் பாரிசவாத நோயாளிகள் பலர் தாமாகவே ஓரளவு தேறுகிறார்கள். அந்தத் தேறுதலைத்தான் சிலர் விலைக்கு விற்கிறார்கள்.

இனி நான் சொல்லப்போவதற்காகத்தான் இவ்வளவு தூரம் உங்களைக் கூட்டிவந்தேன். தேநீர் கொடுக்கிற தம்பிமார் கொஞ்சம் பொறுங்கள்.

மண்ணீரல் தன் செல்களைக் கொட்டிவிட்டுச் சுருங்கியது என்று சொன்னேன் அல்லவா? அதோடு கதை முடியவில்லை. மூளை அடிபட்ட அதிர்ச்சியில் அட்ரினலினும் கோர்ட்டிசோலும் உடம்பெங்கும் பாய்கின்றன. அவை எதிர்ப்புச் செல்களை, முக்கியமாக டி செல்களை, கூட்டம் கூட்டமாகச் சாகடிக்கின்றன. முதல் நாளில் கொந்தளித்த அதே படை, அடுத்த சில நாட்களில் ஒடுங்கிப்போகிறது. மூளைக்குள் கலவரம், உடம்பின் மற்ற இடமெல்லாம் காவல் இல்லாத வாசல். பெர்லினில் 2003இல் செய்த ஆய்வில், பாரிசவாதம் வந்த சுண்டெலிகளின் நுரையீரலில் தானாகவே கிருமி பெருகி நிமோனியா வந்தது. அட்ரினலின் வேலையைத் தடுக்கும் மருந்தைக் கொடுத்தபோது அந்தத் தொற்று வெகுவாகக் குறைந்தது. ஒரு பழைய பிரஷர் மருந்துதான் அது.

அந்த ஆய்வுக் கட்டுரையைப் படித்தபோது நான் மாணவி. விடுதி அறையில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தேன். பாதியில் எழுந்து வெளியே வந்துவிட்டேன். என் பெரியம்மா ஞாபகம் வந்துவிட்டது.

பசறைக்கு மேலே ஒரு தோட்டத்து லயம். எனக்கு அப்போது பதினொரு வயது. பெரியம்மா கொழுந்துக் கூடையை இறக்கி வைத்துவிட்டு வாசல்படியில் உட்கார்ந்தவர், அப்படியே ஒரு பக்கமாகச் சரிந்தார். வாய் கோணியிருந்தது. கன்னத்தில் ஒதுக்கியிருந்த வெற்றிலைச் சாறு ஓரமாக வழிந்தது. எல்லோரும் ஓடிவந்தோம். யாரோ, "தண்ணி குடு, தொண்டைய நனை" என்று சத்தம் போட்டார்கள். நான்தான் உள்ளே ஓடி, அடுப்பில் இருந்த சாயத்தண்ணியை ஒரு கோப்பையில் ஊற்றி வந்தேன். அம்மா தலையை நிமிர்த்திப் பிடிக்க, நான் கரண்டியால் ஊட்டினேன். அவர் இருமவே இல்லை. அதனால் நன்றாக விழுங்குகிறார் என்று சந்தோஷப்பட்டோம். "பெரியம்மா, இன்னொரு வாய்" என்றேன். அவர் ஏதோ சொல்ல வந்தார். தொண்டைக்குள் தண்ணீர் தங்கினால் வருமே, அந்த மாதிரி ஈரமான குரல். அந்தச் சத்தம் இன்றைக்கும் என் காதில் இருக்கிறது.

ஆஸ்பத்திரியில் நான்காம் நாள் காய்ச்சல் வந்தது. ஏழாம் நாள் போய்விட்டார். தலையில் வந்த வருத்தத்தில் போனதாகத்தான் வீட்டில் இன்றும் சொல்கிறார்கள். அவருடைய ஆஸ்பத்திரித் துண்டில் நிமோனியா என்று எழுதியிருந்தது.

நான் ஊட்டிய கரண்டிதான் காரணம் என்று யாராலும் நிச்சயமாகச் சொல்ல முடியாது. ஆனால் வழி இதுதான்: பாரிசவாதம் வரும்போது பலருக்கு விழுங்கும் தசையும் இருமும் உணர்வும் மழுங்கிப்போகின்றன. ஊற்றியது வயிற்றுக்குப் போகாமல் நுரையீரலுக்குப் போகும், இருமல்கூட வராது. சாயத்தண்ணியோடு வாயில் இருக்கும் கிருமியும், வெற்றிலைச் சக்கையும் போகும். சாதாரண நாளில் நுரையீரலின் காவல் செல்கள் அதைச் சமாளித்துவிடும். அந்த நாட்களில் அந்தக் காவல் இல்லை. அதனால்தான் சொல்கிறேன், ஒருவருக்கு முகம் கோணி, கை தொங்கி, பேச்சுக் குழறினால், அவர் வாயில் ஒன்றும் ஊற்றாதீர்கள். தண்ணீர் வேண்டாம், சாயத்தண்ணி வேண்டாம், கஞ்சி வேண்டாம், கோயில் தீர்த்தமும் வேண்டாம், மாத்திரையும் வேண்டாம். கன்னத்தில் வெற்றிலை தெரிந்தால் விரலால் எடுத்துவிடுங்கள். நினைவு மங்கியிருந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். 1990க்கு அழையுங்கள். 2016இல் இந்திய உதவியோடு தொடங்கிய சுவசெரிய அம்புலன்ஸ் இப்போது ஊவாவுக்கும் வருகிறது, காசு கிடையாது. நோய் எத்தனை மணிக்கு வந்தது என்பதை ஒருவர் மனசில் குறித்துக்கொண்டு கூடவே போங்கள். அந்த நேரத்தைத்தான் டொக்டர் முதலில் கேட்பார்.

நிமோனியா வராமல் இருக்க முன்கூட்டியே கிருமிகொல்லி ஊசி போட்டால் என்ன என்று கேட்பீர்கள். நெதர்லாந்தில் 2,500க்கு மேற்பட்டவர்களையும் பிரிட்டனில் 1,200க்கு மேற்பட்டவர்களையும் வைத்து, கிருமிகொல்லி கொடுத்தும் கொடுக்காமலும் சோதித்த ஆய்வுகளின் முடிவு 2015இல் வந்தது. நெதர்லாந்தில் நோயாளிகளின் இறுதி நிலை மாறவில்லை. பிரிட்டனில் நிமோனியாவே குறையவில்லை. எது பலன் தந்தது தெரியுமா? ஆஸ்திரேலியாவில் 19 ஆஸ்பத்திரிகளை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவின் தாதியருக்கு மூன்றே மூன்று விஷயத்தில் பயிற்சி கொடுத்தார்கள். காய்ச்சலை நான்கு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை பார்த்து உடனே குறைப்பது. சீனியை அளந்து கட்டுப்படுத்துவது. விழுங்க முடிகிறதா என்று சோதிக்காமல் வாய்க்கு ஒன்றும் கொடுக்காதிருப்பது. சாண்ட்ரா மிடில்டன் என்ற தாதியியல் பேராசிரியர் நடத்திய அந்த ஆய்வு 2011இல் வெளிவந்தது. மூன்று மாதத்தில் இறந்தவர்களும், பிறர் கையை நம்பி வாழும் நிலைக்குப் போனவர்களும் சேர்த்து, பயிற்சி இல்லாத பக்கம் 100க்கு 58, பயிற்சி பெற்ற பக்கம் 42.

120 கோடி செல்கள் செய்யாததை ஒரு உஷ்ணமானியும் ஒரு சீனிப் பரிசோதனைப் பட்டியும் ஒரு தேக்கரண்டித் தண்ணீரும் செய்திருக்கின்றன. வார்டில் தாதி அந்தச் சோதனை செய்வதைப் பாருங்கள். நோயாளியை நிமிர்த்தி உட்கார வைப்பார். ஒரு தேக்கரண்டித் தண்ணீர். குரல்வளை மேலே ஏறி இறங்குகிறதா என்று கண் அங்கேயே இருக்கும். பிறகு "ஆ" சொல்லச் சொல்வார். குரல் ஈரமாக வந்தால் நிறுத்திவிடுவார். மூக்கில் குழாய் போட்டிருக்கிறார்களே, பட்டினி போடுகிறார்களே என்று வார்டில் சண்டை பிடிக்கிற உறவினர்களை நான் பார்த்திருக்கிறேன். ஒளித்துக் கொண்டுவந்து ஊட்டுகிறவர்களையும் பார்த்திருக்கிறேன். பாசத்தில் செய்கிறார்கள். நானும் பாசத்தில்தான் ஊட்டினேன்.

வீட்டுக்கு வந்த பிறகு குடும்பத்தாரே பயிற்சி கொடுத்துத் தேற்றிவிடலாம் என்று நினைக்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. லூதியானாவின் ஜெயராஜ் பாண்டியன் உள்ளிட்டவர்கள் இந்தியாவின் 14 ஆஸ்பத்திரிகளில் 1,250 நோயாளிகளை வைத்து அதைச் சோதித்தார்கள். 2017இல் வந்த முடிவு, குடும்பப் பயிற்சியால் மட்டும் வித்தியாசம் இல்லை என்பது. அதனால் பிசியோதெரபிக் கிளினிக்கை விட்டுவிடாதீர்கள். பஸ் காசும் ஒரு நாள் சம்பளமும் போகிறது என்று எனக்குத் தெரியும். தோட்டத்துக்கு ஒரு பிசியோதெரபிஸ்ட் மாதத்தில் இரண்டு நாள் வர வேண்டும் என்று கேட்பது பேராசை இல்லை. நாம் கேட்க வேண்டும்.

பிரஷரைப் பற்றிச் சுருக்கமாக. ஸ்ட்ரோக்குக்கு மிகப் பெரிய காரணம் அதுதான். இதில் நம் நாட்டின் பெயர் உலகப் புத்தகத்தில் இருக்கிறது. மூன்று மருந்தைச் சிறிய அளவில் ஒரே மாத்திரையாக்கி இலங்கையில் 700 பேரை வைத்துச் சோதித்தார்கள், களனிப் பல்கலைக்கழகத்தின் அசித்த டி சில்வா அதில் முக்கியமானவர். 2018இல் வந்த முடிவில், ஆறு மாதத்தில் பிரஷர் கட்டுக்குள் வந்தவர்கள் வழக்கமான வைத்தியத்தில் 100க்கு 55, அந்த மாத்திரையில் 70. இலங்கை, பாகிஸ்தான், பங்களாதேஷ் கிராமங்களில் சுகாதார ஊழியர்கள் வீடு தேடிப்போய் பிரஷர் பார்த்தபோதும் பலன் தெரிந்தது, 2020இல் எழுதியிருக்கிறார்கள். நம் மிட்வைஃப் மிஸ்மார் ஏறாத லயம் உண்டா? பிள்ளைத்தாய்ச்சியைப் பார்க்க வருகிறவர் கையில் ஒரு பிரஷர் கருவியும் இருந்தால், அந்த வீட்டுத் தாத்தாவின் கையையும் பிடித்துப் பார்த்துவிட்டுப் போவார். தலைசுற்று இல்லை, வலி இல்லை என்று மாத்திரையைப் பாதியில் நிறுத்துகிறவர்கள் இந்த மண்டபத்திலும் இருக்கிறீர்கள். பிரஷர் சொல்லிக்கொண்டு வராது அம்மா.

அந்தத் தம்பியிடம் நான் பேச்சுக்கு முன் கேட்டேன், சொல்லலாமா என்று. சொல்லுங்கள் என்றார். ஈ.பி.எஃப். காசு முழுவதும் இன்னும் வங்கியில் இருக்கிறது, கொஞ்சம் தவிர. அந்தக் கொஞ்சத்தில் லயத்துப் படிக்கட்டுக்கு ஒரு இரும்புக் கைப்பிடி வைத்திருக்கிறார், கக்கூசுச் சுவரில் ஒன்று. உட்கார்ந்து போக ஒரு கொமட் வாங்கியிருக்கிறார். அப்பா இப்போது கைத்தடியோடு பீலி வரைக்கும் போய்விட்டுத் திரும்பி வருகிறார். பேச்சில் நாலைந்து சொல் வந்திருக்கிறது.

இங்கே மேசைப் பக்கத்தில் ஒரு கதிரையும், ஒரு கிண்ணத்தில் குழைத்த சோறும் வைத்திருக்கிறோம். விழுங்கலாம் என்று ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பிய பிறகு வீட்டில் எப்படி ஊட்டுவது என்று இப்போது நம் தாதி அக்கா செய்து காட்டுவார். ஒருவர் மேலே வாருங்கள். வலது பக்கம் விழுந்தவர் மாதிரி உட்காருங்கள். இன்னும் நிமிர்ந்து. நாடியைக் கொஞ்சம் கீழே. இப்போது சபையில் உள்ளவர்கள் சொல்லுங்கள், கரண்டியை வாயின் எந்தப் பக்கம் வைப்பது?